வீட்டு மரத்தின் உயரத்தைக் குறைத்தல்: கடலோரத்தில் இத்தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

தொண்டியிலிருந்து தேவிபட்டினம், உச்சிப்புளி, கீழக்கரை வழியாகச் சாயல்குடி வரை நீளும் இந்த இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில், வீட்டுக்காரர்கள் மரம் கழிக்க ஆள் தேடுவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்களே இருக்கும். ஐப்பசி பிறப்பதற்குள் மரத்தைத் தாழ்த்திவிட வேண்டும் என்ற புயல் அச்சம் ஒன்று. மாடி எடுத்துக் கட்டிய பின் தண்ணீர்த் தொட்டியிலும் மின்கம்பியிலும் உரசத் தொடங்கிய கிளைகள் மற்றொன்று. எதுவாக இருந்தாலும் அவர்கள் கேட்பது ஒன்றுதான்: "பாதிக்குப் பாதி இறக்கிருங்க தம்பி." தொழிலுக்குப் புதியவர் அந்தச் சொல்லை அப்படியே ஏற்று, நடுமரத்தில் ரம்பத்தை வைத்துவிடுகிறார். சில மாதங்களில் வெட்டுவாயைச் சுற்றி விளக்குமாறு கட்டி வைத்ததுபோலச் சிம்புகள் கிளம்புகின்றன. அவை பட்டைக்கு அடியிலிருந்து புறப்பட்டவையே அன்றிக் கட்டையின் உள்ளிருந்து வளர்ந்தவை அல்ல என்பதால், பழைய உயரத்தை மீண்டும் எட்டும் காலத்தில் முன்பிருந்த கிளைகளைவிட எளிதாகக் காற்றில் பிய்ந்து விழுகின்றன. இதற்கிடையில் மொட்டையான நடுமரத்தில் மழைநீர் இறங்கி உள்ளே உளுத்துக்கொண்டிருக்கும். புயலுக்குப் பயந்து செய்த வேலை புயலுக்கே வழி செய்து கொடுத்துவிடுகிறது.

மொட்டையடிப்பது வேறு, உயரத்தைக் குறைப்பது வேறு. நீண்டு வளர்ந்த கொப்பு ஒவ்வொன்றையும், அதில் ஏற்கெனவே உயிரோடு நிற்கும் ஒரு பக்கக்கிளை வரை பின்னுக்குக் கொண்டுவந்து, இனி அந்தப் பக்கக்கிளையே நுனியாக நிற்கும்படி செய்வதுதான் உயரக் குறைப்பு. இப்படிச் செய்தால் மரம் தன் வடிவத்தை இழக்காமல் சிறியதாகும். இலையும் நிழலும் பெரும்பகுதி மிஞ்சும். பத்து மீட்டர் வேம்பை எட்டு மீட்டருக்கு இவ்வாறு இறக்கலாம். ஐந்து மீட்டருக்கு இறக்க முடியாது. ஐந்து மீட்டர்தான் வேண்டும் என்று வீட்டுக்காரர் பிடிவாதமாக நின்றால், அந்த மரத்தை எடுத்துவிட்டு எலுமிச்சையோ மாதுளையோ வைக்கச் சொல்வதுதான் நேர்மையான யோசனை. அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்று அவரே உணர்வதற்கு, அவரை மரத்தடிக்கு அழைத்து வந்து, "அம்மா, மேல போற இந்தக் கொப்பு அந்தக் கவட்டையோட நின்னுரும், நெழலு கொறையாது" என்று விரல்நீட்டிக் காட்டினாலே பெரும்பாலும் போதும்.

எந்த மரம் தாங்கும், எது தாங்காது

பனையையும் தென்னையையும் உயரம் குறைக்க முடியாது. இரண்டுக்கும் வளர்முனை ஒன்றே ஒன்று, உச்சிக் குருத்தில் இருக்கிறது. அது போனால் மரம் போயிற்று. காய்ந்த மட்டையும் பாளையும் கழிப்பதோடு அங்கே வேலை முடிந்துவிடும். பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்திருப்பதையும், "ஒரு பனைதானே, சேர்த்து வெட்டிப் போடுங்கள்" என்று கேட்பவரிடம் சொல்லிவிட வேண்டும். சவுக்கு முதிர்ந்த கட்டையிலிருந்து நன்றாகத் துளிர்க்காது. ஆகவே உச்சியை எடுத்த சவுக்கு அப்படியே நின்று காய்வதே அதிகம்.

முருங்கை இதற்கு நேர்மாறு. அறுவடை முடிந்ததும் தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர் உயரத்தில் வெட்டிவிட்டாலும் மறுபடி தழைத்துக் காய்க்கும். ஆனால் அதன் கட்டை முறியும் தன்மையது என்பதால், எவ்வளவு பருத்திருந்தாலும் அதில் ஏறக் கூடாது. மழைக்காலத்தில் அடிமரத்தில் கம்பளிப்புழு அப்பியிருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. பூவரசும் கடும் வெட்டைத் தாங்கும் மரம். ஆட்டுக்குக் குழை ஒடித்து ஒடித்தே பழகிய மரம் அது. வேம்பு, புங்கை, மா, நாவல் ஆகியவைதான் நிதானமும் கணக்கும் தேவைப்படுபவை. நாட்டுவாதுமை அடுக்கடுக்காகக் கிளை விடுவதால், மேல் அடுக்கை எடுத்து அதற்குக் கீழுள்ள அடுக்கோடு நிறுத்துவது பார்வைக்கும் பொருந்தும்.

சாலையோரத்திலும் புறம்போக்கிலும் நிற்கும் மரத்தை வீட்டுக்காரரே நட்டு வளர்த்திருந்தாலும், உரிய அலுவலகத்தின் அனுமதி இல்லாமல் அதில் கைவைக்கக் கூடாது.

தரையில் நின்று செய்ய வேண்டியவை

ஏறுவதற்கு முன் மரத்தை முழுவதும் ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். தூரிலிருந்து தொடங்குங்கள். வேரடியில் காளான், பட்டை உப்பித் தெறித்த இடம், கரையான் மண், ஒரு பக்கம் மட்டும் மண் விரிந்து எழும்பிய அடையாளம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அந்த மரத்தில் ஏறாதீர்கள். கட்டைச் சுத்தியலால் அடிமரத்தைத் தட்டிப் பார்த்தால், உள்ளே பொந்து விழுந்த இடம் வெற்றொலி தரும். கடலோர மணலில் வேர் நிற்கும் மரங்களில் இந்தச் சோதனை இன்னும் முக்கியம். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் மன்னார் வளைகுடாவில், இம்மாவட்டக் கரையை ஒட்டி வலுவிழந்து நின்று மழை கொட்டியதுபோல் ஒரு மழை பெய்து மணல் ஊறிவிட்டால், சாய்ந்து நிற்கும் மரத்தின் பிடிமானம் எவ்வளவு என்று யாராலும் வெளியிலிருந்து சொல்ல முடியாது.

அடுத்து, மேலே பாருங்கள். கொம்புத்தேன் கூடு, காக்கைக் கூட்டில் முட்டை அல்லது குஞ்சு, மாமரமானால் இலைகளைச் சேர்த்துப் பின்னிய முசுற்றுக் கூடு, முந்தைய காற்றில் முறிந்து வேறொரு கிளையில் தொங்கிக்கொண்டிருக்கும் காய்ந்த கொப்பு ஆகியவற்றைத் தரையிலிருந்தே கண்டுவிட வேண்டும். கூட்டில் குஞ்சு இருந்தால் வேலையைத் தள்ளிவையுங்கள்.

மின்கம்பி மூன்று மீட்டருக்குள் இருந்தால், அது வீட்டுக்கு வரும் சாதாரணக் கம்பியே ஆனாலும், மின்சாரத்தை நிறுத்தாமல் தொடக் கூடாது. உப்புக்காற்றிலும் வெயிலிலும் கிடக்கும் கம்பியின் மேலுறை வெடித்திருப்பது கீழிருந்து தெரியாது. பச்சைக் கிளையும் ஈரக் கயிறும் மின்சாரத்தைக் கடத்தும். பகுதி மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, அவர்கள் நிறுத்திய பிறகே ஏறுங்கள். பீஸ் கட்டையைப் பிடுங்கினால் வீட்டுக்குள்தான் மின்சாரம் நிற்கும். கம்பத்திலிருந்து வீடு வரை வரும் கம்பியில் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

உயரத்தை அளக்க எளிய வழி உண்டு. கண்ணிலிருந்து நீட்டிய கைப்பிடி வரை உள்ள நீளத்துக்குச் சமமான ஒரு குச்சியைக் கைப்பிடிக்கு மேலே செங்குத்தாக நிறுத்திப் பிடித்து, பிடி மரத்தின் தூரையும் குச்சியின் நுனி மரத்தின் உச்சியையும் தொடுவதாகத் தெரியும் வரை பின்னுக்கு நடந்தால், நீங்கள் நிற்கும் இடத்துக்கும் மரத்துக்கும் உள்ள தூரமே ஏறத்தாழ மரத்தின் உயரம். வீட்டுக்காரருக்கும் இதைச் செய்து காட்டுவது நல்லது. இருபத்தைந்து அடி மரத்தை நாற்பது அடி என்று நம்புபவர்களே அதிகம்.

இனிதான் இந்த வேலையின் உயிர்நாடியான பகுதி. எங்கெங்கே வெட்டுவது என்பதைத் தரையில் நின்றபடியே முடிவு செய்ய வேண்டும். மரத்தின் மேலே இருப்பவருக்கு முழு வடிவம் தெரியாது. தனித்து உயர்ந்த கொப்புகளை முதலில் கண்ணால் பிரித்து, ஒவ்வொன்றிலும் எந்தப் பக்கக்கிளைக்கு இறக்குவது என்று தேர்ந்துகொள்ளுங்கள். அந்தப் பக்கக்கிளை, வெட்டப்படும் கொப்பின் பருமனில் குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும்: 9 சென்டிமீட்டர் கொப்பில் 3 சென்டிமீட்டருக்குக் குறைந்த கிளையை நம்பி வெட்டினால், அதற்கு மிஞ்சிய கட்டையை உயிரோடு வைத்திருக்கும் வலு இராது. வெட்டுவாய் 10 சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. ஒரே பருவத்தில் பச்சை இலையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. முதிய மரமானால் அதைவிடவும் குறைவு. தேவைப்பட்டால் மீதியை அடுத்த ஆண்டு எடுக்கலாம்.

கடல் பக்கம்

உள்நாட்டில் இத்தொழிலைக் கற்றுக்கொண்டு இங்கே வருபவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான். கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் பக்கம் மன்னார் வளைகுடாவை நோக்கிய வீடுகளில், ஆனி ஆடியில் தென்மேற்கிலிருந்து விடாமல் அடிக்கும் காற்று உப்பைச் சுமந்து வருகிறது. அந்த மாதங்களில் அதைக் கழுவிவிட மழையும் இல்லை. தேவிபட்டினம், தொண்டி போன்ற பாக் நீரிணைக் கரையில் வாடைக்காற்றின் காலமே கடுமையானது, ஆனால் கூடவே மழையும் வரும். பாம்பன் தீவில் இரண்டும் உண்டு. காற்று வரும் பக்கத்து இலைகள் சிறுத்து, தடித்து, நெருங்கி நின்று, பின்னாலுள்ள இலைகளுக்கு வேலி போட்டிருக்கும். இலை ஓரம் கருகியிருக்கிறது, அழகாக இல்லை என்று அந்தப் பக்கத்தை வழித்துவிட்டால், உள்ளே நிழலில் வளர்ந்த மெல்லிய இலைகள் நேரடியாக உப்பில் அகப்பட்டு அடுத்த காற்றுக்காலத்தில் கருகும். ஆகவே உயரத்தைக் குறைக்கும்போது கடல் பக்கத்தில் மிகக் குறைவாகவும், கரைப் பக்கத்தில் சற்றுத் தாராளமாகவும் எடுங்கள். மரம் ஒருக்களித்து நிற்பதாகத் தோன்றினாலும் பரவாயில்லை.

எப்போது வெட்டுவது

வேம்புக்கும் புங்கைக்கும் தை மாதம் நல்லது. மழை நின்று, மண்ணில் ஈரம் மிச்சமிருந்து, புதுத்துளிருக்கு மரம் தயாராகும் காலம் அது. மாவுக்குக் காய் பறித்த பிறகு, ஆடிக்காற்று அடங்கியதும் செய்யலாம். சித்திரை, வைகாசி வெயிலில் எந்த மரத்தையும் திறந்துவிடக் கூடாது; இதுவரை நிழலில் இருந்த பட்டை திடீரென வெயில் பட்டு வெடிக்கும். புயலுக்கு முன்னெச்சரிக்கை என்று புரட்டாசியில் அழைப்பவர்களுக்கு, காய்ந்த கொப்புகளையும் கூரைமேல் நீண்டு நிற்கும் ஓரிரு கிளைகளையும் மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டு, மற்றதைத் தைக்குத் தள்ளுங்கள்.

கருவிகளும் கயிறும்

அரிவாளால் கொத்துவதைக் கூடியவரை விட்டுவிடுங்கள். கொத்திய இடம் நார் நாராகப் பிய்ந்து நிற்கும். இழுக்கும்போது அறுக்கும் வளைந்த கைரம்பம், கவாத்துக் கத்தரி, நீண்ட கழியில் பொருத்திய ரம்பம் ஆகிய மூன்றும் இருந்தால் வீட்டு மரங்களில் பெரும்பான்மை வேலை முடியும். மோட்டார் ரம்பத்தைப் புதியவர் தரையில் விழுந்த கட்டையைத் துண்டு போட மட்டுமே பயன்படுத்த வேண்டும். ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது ரம்பத்தை மருந்துக்கடை ஸ்பிரிட்டால் துடையுங்கள். நுனிக்கொம்பு கருகும் நோய் கடந்த சில ஆண்டுகளாக வேப்ப மரங்களில் பரவலாகக் காணப்படுவதால், வேம்புக்கு இது கட்டாயம்.

ஐ.எஸ். 2925 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள தலைக்கவசம், ஐ.எஸ். 3521 முத்திரையுள்ள, இடுப்பின் இருபுறமும் வளையம் வைத்த முழு உடல் பெல்ட், கண்ணாடி, நல்ல பிடிமானமுள்ள காலணி ஆகியவை இல்லாமல் தரையை விட்டுக் கால் எடுக்கக் கூடாது. கயிற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இங்கே எந்த வீட்டுக் கொல்லையிலும் படகில் ஓடிக் கழிந்த கயிறு கிடக்கும். "நல்ல கயிறுதான், இதையே கட்டிக்கொள்ளுங்கள்" என்று அன்போடு கொடுப்பார்கள். அதை முறுக்குப் பிரித்து உள்ளே பாருங்கள்: இழைகள் வெளுத்து, விரலால் தேய்த்தால் தூளாக உதிரும். அந்தக் கயிற்றை வெட்டிய குழையைக் கட்டி இழுக்கப் பயன்படுத்தலாம். ஆளைத் தாங்கவோ கிளையை இறக்கவோ கூடாது. கயிற்று முடிச்சைக் கற்க மட்டும் மீனவ நண்பர் ஒருவரைத் தேடிப் போங்கள், அவரைவிட நல்ல ஆசிரியர் கிடைக்கமாட்டார்.

தனியாக ஒருபோதும் வேலை செய்யாதீர்கள். கீழே நிற்பவர் கயிறு பிடிப்பதோடு, யாரையும் மரத்தடிக்கு வரவிடாமல் காப்பதும் அவர் பொறுப்பு. வேலை நடக்கும் வீட்டில் பிள்ளைகளும் ஆடுகளும் எங்கிருந்தாவது வந்துகொண்டே இருக்கும். பனையோலை சலசலவென்று நிற்காமல் அடித்துக்கொள்ளும் அளவுக்குக் காற்று இருந்தால் அன்று ஏற வேண்டாம். முதல் சில மாதங்கள் தரையில் நின்றே கழி ரம்பத்தால் முடிக்கக்கூடிய சிறு மரங்களை மட்டும் ஒப்புக்கொண்டு, ஏறும் வேலையை அனுபவமுள்ளவரின் கூடவே இருந்து கற்றுக்கொள்ளுங்கள்.

வெட்டும் முறை

1970-களில் அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ ஏராளமான மரங்களைப் பிளந்து ஆராய்ந்து விளக்கிய செய்தி ஒன்று இங்கே பயன்படும். நம் தோலில் பட்ட காயம்போல மரத்தின் காயம் ஆறுவதில்லை. கெட்டுப்போன பகுதியைச் சுற்றி மரம் உள்ளுக்குள் தடுப்பு எழுப்பி, அதற்கு வெளியே புதுக்கட்டை வளர்த்துக்கொள்கிறது. அந்தத் தடுப்பை எழுப்பும் வலு, கிளை தாய்க்கொப்போடு சேரும் இடத்தில் சற்றே தடித்துத் தெரியும் கழுத்துப் பகுதியில்தான் அதிகம். வேம்பில் அதைக் கண்டுகொள்வது எளிது: கவட்டையின் மேற்புறத்தில் பட்டை சுருங்கிக் கருத்த வரம்பாக எழும்பியிருக்கும், அடிப்புறத்தில் கைவைத்துத் தடவினால் ஒரு மேடு தட்டுப்படும். அந்தக் கழுத்தைச் சீவிவிடவும் கூடாது, அதற்கு வெளியே முளைபோலக் கட்டையை விட்டுவைக்கவும் கூடாது.

ஒரு முழுக் கிளையை எடுக்கும்போது மூன்று வெட்டாக எடுங்கள். கழுத்திலிருந்து ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தள்ளி, அடிப்புறத்திலிருந்து மேல்நோக்கிக் கிளையின் கால் பங்கு ஆழம் வரை அறுப்பது முதல் வெட்டு. ரம்பம் இறுகத் தொடங்கும்போது நிறுத்திவிடலாம். அதற்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெளியே, மேலிருந்து கீழாக அறுப்பது இரண்டாவது. பாரம் இங்கேயே முறிந்து போய்விடும். முதல் வெட்டு இருப்பதால் பட்டை உரிந்து அடிமரம் வரை கிழியாது. எஞ்சிய சிறு கட்டையைக் கையால் தாங்கிக்கொண்டு, கழுத்தை ஒட்டி வெளியே சுத்தமாக எடுப்பது மூன்றாவது.

கொப்பைப் பக்கக்கிளைக்கு இறக்கும் வெட்டில் கோணமே முக்கியம். பாரத்தை மேற்சொன்ன முறையில் நீக்கிய பிறகு, கவட்டையின் உட்புறத்துப் பட்டை வரம்பைத் தொடாமல் அதற்குச் சற்று மேலே தொடங்கி, நிற்கப்போகும் பக்கக்கிளை எந்தச் சாய்வில் போகிறதோ ஏறத்தாழ அதே சாய்வில், எதிர்ப்புறமாகக் கீழே இறங்க வேண்டும். நேர்குறுக்காக வெட்டினால் எதிர்ப்புறத்தில் உயிரற்ற முளை நின்று அழுகும். வெகுவாகச் சரித்து வெட்டினால் பக்கக்கிளையின் பிடிமானம் குறைந்து அடுத்த காற்றில் அதுவும் போகும். மிக உயர்ந்த கொப்பிலிருந்து தொடங்கி, அது நின்ற உயரத்தை அளவாகக் கொண்டு சுற்றியுள்ளவற்றை இறக்கிக்கொண்டு வாருங்கள். ஒவ்வொரு சில வெட்டுக்கும் ஒருமுறை கீழே நிற்பவரிடம் வடிவத்தைக் கேளுங்கள்.

அறுக்கும் நேரத்தில் உங்கள் உடல் இரண்டு இடங்களில் கட்டப்பட்டிருக்க வேண்டும். ரம்பம் ஒரு கயிற்றைத் தவறித் தொட்டாலும் மற்றது காக்கும். ஏணியில் நின்றபடி தோளுக்கு மேலே அறுப்பது இத்தொழிலில் மிக எளிதாக நேரும் விபத்துக்கு வழி. வெட்டிய கிளை ஊசலாடி வந்து ஏணியைத் தட்டும். கூரைக்கோ தொட்டிக்கோ மேலே உள்ள கிளையை விழவிடாமல் கயிறு கட்டி இறக்க வேண்டும். அதன் எடையைக் குறைத்து மதிப்பிடாதீர்கள்: 15 சென்டிமீட்டர் குறுக்களவும் 2 மீட்டர் நீளமும் கொண்ட பச்சைக் கட்டை மட்டுமே 30 முதல் 35 கிலோ இருக்கும், இலையும் நுனிக்கொம்பும் அதற்கு மேல். கயிற்றின் மறுமுனையை வெறுங்கையால் பிடிக்காமல் அடிமரத்தில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிப் பிடித்தால், சிறிய ஆளும் மெதுவாக இறக்கலாம். நீளமான கிளையை நுனியிலிருந்து துண்டு துண்டாக எடுப்பது இன்னும் பாதுகாப்பானது.

வெட்டிய பிறகு

வெட்டுவாயில் பெயின்டும் தாரும் பூசும் வழக்கம் பயனற்றது. உள்ளே ஈரத்தை அடைத்து வைப்பதே மிச்சம். நிழல்மரங்களுக்குச் சுத்தமான வெட்டே போதும். மாவுக்கு மட்டும் போர்டோ பசை பூசலாம்: ஒரு கிலோ மயில்துத்தத்தையும் (காப்பர் சல்பேட்) ஒரு கிலோ சுண்ணாம்பையும் தனித்தனியே கரைத்துப் பத்து லிட்டருக்குக் கலக்க வேண்டும், இரும்பு வாளியைத் தவிர்த்து. புதிதாக வெயில் படும் தடித்த கிளைகளின் மேற்புறத்துக்கு நீர்த்த சுண்ணாம்பு அடித்துவிட்டால் பட்டை வெடிக்காது. உரம் எதுவும் வேண்டாம். மழையில்லாவிட்டால் சில வாரங்களுக்கு நல்ல தண்ணீர் விடச் சொல்லுங்கள். கிணற்று நீர் உப்பாக இருக்கும் வீடுகளில் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பூவரசு, வேப்பங்குழையை ஆடு வைத்திருப்பவர்கள் வந்து அள்ளிக்கொள்வார்கள். கட்டையை யார் எடுப்பது என்பதை மட்டும் முன்பே பேசிவிடுங்கள், இந்த ஊர்ப்பக்கம் கூலியைவிட விறகில்தான் சச்சரவு வரும்.

எவ்வளவு கவனமாக வெட்டினாலும் ஓரளவு சிம்புகள் வரும். நான்கைந்து மாதம் கழித்துப் போய்ப் பார்த்து, நல்ல திசையில் போகும் ஒன்றிரண்டை விட்டுவிட்டு மற்றதை, விரல் பருமனுக்குள் இருக்கும்போதே கத்தரியால் எடுத்துவிட வேண்டும். எல்லாவற்றையும் வழித்துவிட்டால் மரம் மறுபடி அதேபோல் கிளப்பும். ஒன்றையும் தொடாமல் விட்டால் உச்சியில் அடர்ந்து காற்றைப் பிடிக்கும். இந்த இரண்டாம் வருகைக்கான கூலியை முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு போய்க் கேட்டால், "மரம் நல்லாத்தானே இருக்கு" என்ற பதில்தான் வரும்.